முதல் அடியை யார் பார்த்தார்கள்? தற்காப்பு வழக்குகளில் சாட்சியும் சான்றும்

வாசகர் கேள்வி, 2025 பிப்ரவரி 9

என் மைத்துனர் மீது கொலை முயற்சி வழக்கு. குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது, விசாரணை இன்னும் தொடங்கவில்லை. வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரர் மண்வெட்டியோடு பாய்ந்ததாகவும், உயிரைக் காத்துக்கொள்ளவே கையில் இருந்த அரிவாளை வீசியதாகவும் அவர் சொல்கிறார். நேரில் கண்ட சாட்சிகள் நான்கு பேர். நால்வரும் அவர் வெட்டியதைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். தற்காப்பு என்றால் அதை எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறதாம். நான்கு வாய் ஒரே சொல்லைச் சொல்லும்போது ஒருவருடைய சொல் எப்படி நிற்கும்?

2025 பிப்ரவரி 9, இரவு

நால்வரும் அவர் வெட்டியதைப் பார்த்தார்கள் என்கிறீர்கள். அதை உங்கள் மைத்துனரே மறுக்கவில்லை. தற்காப்பை எதிர்வாதமாக வைக்கும் வழக்கில் வெட்டியவர் யார் என்பதில் தகராறே இல்லை. வெட்டுக்கு முந்தைய பத்து நொடியில் என்ன நடந்தது என்பதில்தான் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆகவே அந்த நால்வரிடமும் முதலில் கேட்க வேண்டியது, "நீங்கள் எந்த நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பினீர்கள், எதனால் திரும்பினீர்கள்" என்பதுதான். 22 ஆண்டுகளாகக் குற்ற வழக்குகளில் எதிரி தரப்பில் வாதாடி வருகிறேன். இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில்களில் பெரும்பாலானவை "சத்தம் கேட்டுத் திரும்பினேன்" என்பதாகவே இருந்திருக்கின்றன. சத்தம் எழும்போது சண்டை ஏற்கெனவே தொடங்கியிருக்கும். மண்வெட்டியை ஓங்குவதற்குச் சத்தம் கிடையாது.

நிரூபிக்கும் பொறுப்பைப் பற்றி ஊரில் சொல்வது பாதி உண்மை. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 105ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 108ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ள விதி, தற்காப்பு போன்ற விதிவிலக்கைக் கோருபவரே அதற்கான சூழ்நிலையை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது. ஆனால் அரசு தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி அவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அவர் சொல்வதுபோல நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதற்குத் தனியாகச் சாட்சி கூட்டிவர வேண்டும் என்பதும் கிடையாது. அரசு தரப்புச் சாட்சிகளின் வாயிலிருந்தே, மருத்துவர் எழுதிய தாளிலிருந்தே அது வெளிப்படலாம். எதிரி தன் வாயால் தற்காப்பைக் கோராமல் விட்டாலும், பதிவில் அதற்கான பொருள் இருந்தால் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்கலாம் என்று முன்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967இலேயே சொல்லிவிட்டது.

2025 பிப்ரவரி 10

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று. அடி விழும்வரை ஒருவர் காத்திருக்க வேண்டியதில்லை. உடலுக்கு ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழுந்த கணத்திலேயே தற்காப்பு உரிமை தொடங்கிவிடுகிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 102ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு. சாட்சிகளின் நம்பகத்தன்மையைப் பேசும்போது இது ஏன் முக்கியம் என்றால், அச்சம் என்பது எந்தச் சாட்சியின் கண்ணுக்கும் தெரியாத ஒன்று. இருபதடி தள்ளி நின்றவருக்குத் தெரிவது இரண்டு மனிதர்களும் இரண்டு ஆயுதங்களும் மட்டுமே. மண்வெட்டியின் வெட்டும் விளிம்பு தன் பக்கம் திரும்பியிருந்ததா என்பது அதற்கு எதிரே நின்றவருக்குத்தான் தெரியும். அவரும் அப்போது அந்த விளிம்பைத் தவிர வேறெதையும் பார்த்திருக்க மாட்டார். கண் முன்னே ஆயுதம் இருந்தால் கவனம் முழுவதும் அதிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதை நினைவாற்றல் ஆய்வுகள் தொடர்ந்து காட்டியிருக்கின்றன. அதனால்தான் உண்மையாகவே தற்காத்துக்கொண்டவர் கூட, பக்கத்தில் யார் நின்றார்கள், எத்தனை முறை வீசினோம் என்ற கேள்விகளுக்குத் தடுமாறுகிறார். அந்தத் தடுமாற்றத்தைப் பொய் என்று எடுத்துக்கொள்ளும் அவசரம் காவல் நிலையத்திலும் இருக்கிறது, நீதிமன்றத்திலும் இருக்கிறது.

2025 பிப்ரவரி 12

"அப்படியானால் நல்ல சாட்சி என்று ஒருவருமே இல்லையா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறார்கள். என்னையே சொல்லலாம். 2003இல், வழக்கறிஞராகப் பதிவு செய்த சில மாதங்களில், பேருந்து நிலையத்தில் நடந்த ஒரு கைகலப்புக்கு நான் அரசு தரப்புச் சாட்சி. கறுப்புச் சட்டை அணிந்தவர் இரும்புக் கம்பியை ஓங்கியதும், எதிரில் இருந்தவரின் தோளில் அது இறங்கியதும், அவர் மண்டியிட்டு விழுந்ததும் இன்றைக்கும் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. கறுப்புச் சட்டைக்காரர், எதிரில் இருந்தவர்தான் முதலில் பாட்டிலோடு வந்தார் என்று சொன்னார். முதல் அடி கறுப்புச் சட்டைக்காரருடையதுதான் என்று நான் கூண்டில் சொன்னேன். எனக்கு இருவரையும் தெரியாது. பகையும் இல்லை, உறவும் இல்லை. குறுக்கு விசாரணையில் என்னை யாராலும் அசைக்க முடியவில்லை.

2025 பிப்ரவரி 13

மைத்துனருக்கும் கையில் காயம் இருந்தது என்று கேள்வி கேட்டவர் இப்போது எழுதியிருக்கிறார். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இந்த வழக்கில் நான்கு சாட்சிகளை விடக் கனமானது அந்தக் காயம்தான்.

லட்சுமி சிங் எதிர் பீகார் மாநிலம் என்ற 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பை எதிரி தரப்பில் வாதாடும் யாரும் மறக்க மாட்டார்கள். அதே சம்பவத்தில் எதிரிக்கு ஏற்பட்ட காயத்துக்கு அரசு தரப்பு விளக்கம் தரவில்லை என்றால் மூன்று முடிவுகளுக்கு இடமுண்டு: சம்பவத்தின் தொடக்கம் மறைக்கப்பட்டிருக்கிறது, எதிரிக்குக் காயமே இல்லை என்று சொல்லும் சாட்சிகள் முக்கியமான இடத்தில் பொய் சொல்கிறார்கள், அந்தக் காயத்துக்கு எதிரி தரப்பு விளக்கம் தந்தால் அது நம்பத்தக்கதாகிறது. அரசு தரப்பு காயத்தை விளக்காவிட்டால் வழக்கு விழுந்துவிடும்.

காயம் இருக்கும் இடமும் பேசும். தலையை நோக்கி வரும் வெட்டைத் தடுக்கக் கையை உயர்த்தினால் சுண்டுவிரல் பக்கத்து முன்கை எலும்பின் மீதுதான் அடி விழும். கத்தியைப் பிடித்துத் தடுத்தவருக்கு உள்ளங்கையிலும் விரல் மடிப்புகளிலும் வெட்டு இருக்கும். இப்படிப்பட்ட தடுப்புக் காயங்களைப் பிணக்கூறாய்வு அறிக்கையில் இறந்தவரின் உடலில் கவனமாகத் தேடுகிறார்கள். எதிரியின் உடலில் தேடுவதற்கு அவ்வளவு அக்கறை காட்டுவதில்லை.

காயத்தோடு வருபவரைப் பற்றி மருத்துவமனையில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல் ஒன்று என் மேசையில் இருக்கிறது. முடிந்துபோன ஒரு வழக்கினுடையது. அழைத்து வந்தவர் என்ற இடத்தில் ஒரு காவலரின் எண். நேரம் காலை 6.50. "தெரிந்த ஒருவர் மண்வெட்டிக் காம்பால் தாக்கியதாகச் சொல்கிறார்" என்று பணி மருத்துவர் எழுதியிருக்கிறார். இடது முன்கையில் 5 செ.மீ. நீளத்துக்குக் கிழிந்த காயம், அதைச் சுற்றி வீக்கம், ஊடுகதிர்ப் படம் எடுக்கப் பரிந்துரை. முதல் தகவல் அறிக்கை அதே நாள் 11 மணிக்குப் பதிவானது. அதில் எதிரிக்குக் காயம் என்ற பேச்சே இல்லை. நான்கு மணி நேரத்துக்கு முன்பே, வழக்கு எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாத வேளையில், யாருக்கும் வேண்டியவராக இல்லாத ஒருவர் எழுதிய ஒன்றரை வரி அது. விசாரணை அதிகாரி அதைக் கோப்பில் சேர்க்கவில்லை. மருத்துவமனையிலிருந்து பதிவேட்டை வரவழைக்க நாங்கள்தான் மனு போட்டோம்.

2025 பிப்ரவரி 14

"விளக்காவிட்டால் வழக்கு விழுந்துவிடும்" என்று நேற்று எழுதியது மிகை. அது தானாக விழாது. எதிரியின் காயம் அற்பமானதாகவோ மேலோட்டமானதாகவோ இருந்தாலும், அரசு தரப்புச் சாட்சியம் தெளிவாகவும் சார்பற்றதாகவும் இருந்தாலும், விளக்கம் தராதது மட்டுமே போதாது என்று அதே தீர்ப்பிலேயே வரம்பு இருக்கிறது. வக்கீலாகப் பேசும் பழக்கத்தில் தீர்ப்பின் பாதியை மட்டும் சொல்லிவிட்டேன். கேட்பவர் ஒரு குடும்பத்தின் கவலையோடு கேட்கும்போது நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

2025 பிப்ரவரி 16

நால்வரில் மூன்று பேர் காயம்பட்டவரின் உறவினர்கள், அதனால் அவர்களைத் தள்ளிவிடலாம் அல்லவா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: முடியாது. உண்மையான குற்றவாளியைத் தப்பவிட்டு வேறொருவரை மாட்டிவிட நெருங்கிய உறவினர் சாதாரணமாக விரும்ப மாட்டார் என்று தலீப் சிங் வழக்கில் 1953இலேயே சொல்லப்பட்டது. ஆனால் நம்முடைய கேள்வி ஆள் யார் என்பது பற்றியதே இல்லை. ஆளைச் சரியாகச் சொல்லும் அதே உறவினருக்கு, தன் அண்ணன் முதலில் மண்வெட்டியை ஓங்கினார் என்பதைச் சொல்லாமல் விட எல்லாக் காரணமும் இருக்கிறது. சாட்சியை முழுவதும் நம்பத்தக்கவர், முழுவதும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் இடைப்பட்டவர் என்று மூன்றாகப் பிரித்த வடிவேலு தேவர் வழக்கு, 1957இல் அன்றைய மதராஸ் மாநிலத்திலிருந்து போனது. தற்காப்பு வழக்குகளில் கூண்டேறுபவர்களில் பெரும்பாலோர் அந்த இடைப்பட்ட வகையினர். பதரைத் தூற்றி நெல்லை எடுக்கும் வேலையை நீதிபதி செய்தாக வேண்டும்.

நான்கு வாய் ஒரே சொல் என்றீர்களே, அதையும் பார்ப்போம். காவல்துறையினர் விசாரணையில் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடுவதில்லை; சட்டமே அதைத் தடுக்கிறது. அதை எழுதுவது நிலையத்தில் இருக்கும் ஒருவர். ஒரு வழக்கில் நான்கு வாக்குமூலங்களையும் வரிசையாக மேசையில் பரப்பினேன். நான்கிலும் "வரப்பு" என்ற சொல் "வறப்பு" என்று இருந்தது. நான்கிலும் "கொலைவெறியுடன்" என்ற சொல் மூன்றாவது வரியில் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு முதியவரும் கல்லூரி மாணவர் ஒருவரும் ஒரே வாக்கியத்தை ஒரே பிழையோடு பேசியிருக்க முடியாது. முதலாமவருடையதை எழுதிவிட்டு மற்ற மூன்றையும் பார்த்துப் பார்த்துப் பெயர்த்திருக்கிறார்கள். குறுக்கு விசாரணையில் அந்த முதியவரிடம் கொலைவெறி என்றால் என்ன என்று கேட்டேன். "ஆத்திரம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பேச்சு அந்தத் தாளில் இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான்.

2025 பிப்ரவரி 17

கேள்வி கேட்கும் விதமே நினைவை மாற்றிவிடும் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. 1974இல் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவர்களுக்குக் கார் மோதும் படங்களைக் காட்டி, வேகம் எவ்வளவு என்று கேட்டார்கள். கார்கள் "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்டதற்குச் சராசரியாக மணிக்கு 31.8 மைல் என்று பதில் வந்தது. "நொறுங்க மோதியபோது" என்று கேட்டதற்கு 40 மைலுக்கு மேல். படம் ஒன்றுதான். பின்னர் செய்த சோதனையில், வலிய சொல்லைக் கேட்டவர்களில், மென்மையான சொல்லைக் கேட்டவர்களை விட அதிகம் பேர் ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். இப்போது, "அவன் அரிவாளோடு ஓடி வந்ததை எங்கிருந்து பார்த்தீர்கள்" என்று ஒரு அதிகாரி கேட்பதை நினைத்துப் பாருங்கள். ஓடி வந்தான் என்பது கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சாட்சி இடத்தை மட்டும் சொல்கிறார். மறு ஆண்டு கூண்டில் நிற்கும்போது ஓடி வந்த காட்சியே அவருக்கு நினைவில் இருக்கும். அவர் சத்தியமாகவே சொல்வார்.

2025 பிப்ரவரி 18, அதிகாலை

நேற்று அதை எழுதி முடித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. பரணில் இருந்த பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். 2003ஆம் ஆண்டுக் கைகலப்பைப் பற்றி அன்று மாலையே எழுதியிருந்தது கிடைத்தது. ஆறு வரி. அப்படியே தருகிறேன்: "பேருந்து நிலையத்தில் நாளிதழ் வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் கண்ணாடி உடையும் சத்தம். திரும்பினால் கறுப்புச் சட்டைக்காரர் கையில் கம்பி. ஓங்கி அடித்தார். அடிபட்டவர் விழுந்தார். தரையெல்லாம் சோடா பாட்டில் துண்டு."

முதல் அடி என்று எதுவும் அதில் இல்லை. நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். பாட்டில் உடைந்த பிறகுதான் திரும்பியிருக்கிறேன். உடைந்த துண்டுகளைப் பற்றிக் கூண்டில் என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. நான் அதை மறைக்கவில்லை, ஏழு மாதங்களில் அது என் நினைவிலிருந்தே போய்விட்டிருந்தது. திரும்பியவுடன் கண்ட முதல் காட்சியை நடந்தவற்றில் முதலாவது என்று என் மனம் வைத்துக்கொண்டது. 12ஆம் தேதி குறிப்பில் நல்ல சாட்சிக்கு உதாரணமாக என்னைக் காட்டியிருந்தேன். அதை அழிக்கவில்லை, அங்கேயே இருக்கட்டும். அந்த மனிதருக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு போனாரா என்று நான் அப்போது விசாரிக்கவும் இல்லை. இனி விசாரிக்கப் போகிறேன்.

2025 பிப்ரவரி 20

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் "எல்லாவற்றுக்கும் கேமரா இருந்தால் போதும்" என்று இருவர் எழுதியிருப்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. கண்காணிப்புக் கேமராவும் ஒரு கோணத்தில் நிற்கும் சாட்சிதான். பெரும்பாலானவற்றில் ஒலி இல்லை. "வெட்டிப் போட்டுவிடுவேன்" என்ற மிரட்டல் அதில் வெறும் வாயசைப்பு. உயரத்திலிருந்து எடுக்கும் படத்தில் இரண்டு பேருக்கு நடுவே இருக்கும் தூரம் சரியாகத் தெரியாது. கருவியின் கடிகாரம் உண்மை நேரத்தோடு பொருந்துகிறதா என்பதை, பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் மகஜரில் யாரும் எழுதுவதில்லை. கைப்பேசியில் எடுத்த படமோ, சண்டை முற்றிய பிறகு ஒருவர் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துத் திறந்து பிடித்ததிலிருந்துதான் தொடங்கும். 2003இல் நான் திரும்பியதைப் போலவே அதுவும் தாமதமாகத்தான் திரும்புகிறது.

அதையும் முறைப்படி கொண்டுவர வேண்டும். பதிவின் நகலைக் காட்டுவதற்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் அந்தச் சான்றிதழில், கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், வட்டு நிரம்பியதும் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும்; நல்ல வக்கீலைத் தேடி அலையும் நாட்களிலேயே அது போய்விடுகிறது.

2025 பிப்ரவரி 23

எதிரி சொல்வதையெல்லாம் நம்பச் சொல்கிறேன் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு. தற்காப்பு என்ற போர்வையில் கொலைகள் மறைக்கப்படுகின்றன. என்னிடம் வழக்கை ஒப்படைத்த ஒரு கட்சிக்காரர் எனக்குத் தன் இடது முன்கையில் நான்கு கீறல்களைக் காட்டினார். எதிராளி கத்தியால் வெட்டியது என்றார். நான்கும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே ஆழத்தில், தோலோடு நின்றிருந்தன. அவர் வலது கைப் பழக்கம் உள்ளவர். அன்று அணிந்திருந்த முழுக்கைச் சட்டையில் ஒரு நூல் கூட அறுபடவில்லை. சண்டையில் அசையாமல் நிற்கும் கையில்லை. அங்கே விழும் காயங்கள் இப்படி வரிசை கட்டி நிற்க மாட்டா. அந்தக் காயங்களை நான் வாதத்தில் எடுக்கவில்லை. இறந்தவருக்குப் பேச வாய் இல்லாத வழக்கில், சட்டைக் கையையும் காயத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதுதான் அவருக்குச் செய்யக்கூடிய நியாயம்.

உரிமைக்கும் எல்லை இருக்கிறது. தேவைக்கு மேல் போனால் பாதுகாப்பு குறைகிறது. எதிராளி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடும்போது முதுகில் விழுந்த வெட்டைத் தற்காப்பு என்று சொல்ல முடியாது. உங்கள் மைத்துனர் வழக்கில் காயச் சான்றிதழைப் படிக்கும்போது முதலில் அதைத்தான் பாருங்கள்: வெட்டு முன்புறத்திலா, பின்புறத்திலா, எத்தனை. அதே வேளையில், உயிருக்கு அஞ்சி நிற்பவர் தன் அடியைத் தராசில் நிறுத்து வீச முடியாது என்பதையும் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப ஏற்றிருக்கின்றன.

2025 பிப்ரவரி 26

மைத்துனர் கொடுத்த புகாரைக் காவல் நிலையத்தில் வாங்கவே இல்லை என்று இன்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே சம்பவத்தில் இரு தரப்பும் புகார் தந்தால் இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து, தாக்கியவர் யார் என்று கண்டறிந்து அந்த வழக்கில் மட்டும் குற்றப்பத்திரிகை வைக்க வேண்டும், அல்லது இரண்டும் பொய் என்றால் இரண்டையும் கைவிட வேண்டும் என்று தமிழ்நாடு காவல் நிலையாணை 588-ஏ சொல்கிறது. இரண்டு வழக்கும் நீதிமன்றம் வந்துவிட்டால் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரிக்க வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டின் நத்தி லால் தீர்ப்பு. முதலில் நிலையத்துக்கு ஓடியவர் புகார்தாரர், காயத்துக்குக் கட்டுப்போடப் போனவர் எதிரி என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. புகார் அனுப்பிய பதிவுத் தபாலின் ரசீது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அதில் இருக்கும் தேதி, தற்காப்பு என்பது வக்கீல் பின்னால் சொல்லிக்கொடுத்த கதை என்ற வாதத்துக்குப் பதிலாக நிற்கும்.

2025 பிப்ரவரி 27

கேட்ட மூன்று விஷயங்களுக்கும் பதில்.

கைதின்போது மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள், சீட்டு எதுவும் தரவில்லை என்கிறீர்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவின்படி, கைதானவரைப் பரிசோதித்த மருத்துவர் காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய தோராயமான நேரத்தையும் எழுத வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ தர வேண்டும். நகல் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். அதோடு அன்றைய விபத்துப் பதிவேட்டையும் வரவழைக்க உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

சாட்சி விசாரணை முடிந்ததும் நீதிபதி எதிரியிடம் நேரடியாகக் கேள்விகள் கேட்பார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 313, இப்போது அந்தப் புதிய சட்டத்தில் 351ஆம் பிரிவு. நம் ஆட்கள் அங்கே "பொய்" என்ற ஒற்றைச் சொல்லோடு எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். வெட்டவே இல்லை என்று அங்கே சொல்லிவிட்டு வாதத்தில் தற்காப்பு என்று நின்றால் இரண்டும் ஒன்றையொன்று அரிக்கும். நடந்ததை நடந்தபடி, தெரியாததைத் தெரியாது என்று, எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, அந்தச் சட்டை. காவலர்கள் கைப்பற்றவில்லை, வீட்டில் கொடியிலேயே கிடக்கிறது, துவைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். துவைக்க வேண்டாம், கிழிசலைத் தைக்க வேண்டாம், பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம்; ஈரம் அடைந்து பூஞ்சை பிடித்துவிடும். இடது கைப் பகுதியை அளவுகோலோடு படம் எடுத்துவிட்டு, மடிப்பு கிழிசலின் மேல் விழாதபடி காகித உறையில் வைத்து, நாளைக் காலையிலேயே வழக்கறிஞரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.